றிஸ்லா வீட்டுக்குப் போட்ட மண்

றாஹிலாவுக்கு இரண்டு பெண் மக்கள். கல்முனைக் கரையோரத்தில் இதைச் சொன்னாலே போதும், கேட்பவர் மிச்சத்தைத் தாமாகவே விளங்கிக்கொள்வார்: இரண்டு வீடு வேண்டும். இங்கே பெண்ணைக் கட்டுகிறவன் பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பான். அந்த வீட்டைப் பெற்றவர்கள் கட்டி, அவள் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வீடு றாஹிலா பிறந்து வளர்ந்து, பிள்ளை பெற்ற வீடு. மூத்தவள் றுக்ஸானா அஸ்கியைக் கட்டியபோது அதை அவளுக்கு எழுதிக் கொடுத்தாள். அன்று பின்னேரமே புருசன் முனாபையும் இளையவள் றிஸ்லாவையும் கூட்டிக்கொண்டு, தேங்காயும் விறகும் போட்டு வைத்திருந்த பின்பக்கத்து இரண்டு அறைக்கு மாறிவிட்டாள். அங்கே சன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு அபாயா தைக்கத் தொடங்கினாள். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் அவள் தைத்த அபாயாக்கள் நடமாடுகின்றன. கைவேலையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டு விசயத்தில் இல்லை. கொடுத்த வீட்டின் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் மகளிடம் கேட்டுத்தான் அடிப்பாள். றுக்ஸானாவும் "அடிங்க உம்மா" என்று உடனே சொல்லிவிட மாட்டாள். எங்கே, எதற்கு என்று விசாரிப்பாள். வீட்டுக்காரி அல்லவா.

இரண்டாவது வீட்டுக்குத்தான் இடமில்லாமல் இருந்தது. ஊருக்குக் கிழக்கே கடல். அதைத் தள்ளிப்போகச் சொல்ல முடியாது. மேற்கே வீடுகளுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு நீண்ட சதுப்பு கிடக்கிறது. கரச்சை என்பார்கள். கண்ணாமரமும் புல்லும் கொக்குமாக இருக்கும். மாரியில் ஊரின் மழைத் தண்ணீர் முழுவதும் அதற்குள் இறங்கித்தான் ஆற்றுக்குப் போகும். கடலிடம் சொல்ல முடியாததைக் கரச்சையிடம் சொல்லலாம் என்று ஊர் வெகுகாலமாகவே நினைத்து வந்தது. ஒரு பெண் வயதுக்கு வந்து குமரானால் கரச்சை ஓரத்தில் ஒரு துண்டு வாங்குவதும், கல்யாணம் நெருங்கும்போது மண் போட்டு மேடாக்குவதும் வழக்கம். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒவ்வொருவரும் தன் காணியின் பின்னெல்லையில் தண்ணீர் ஓட ஒடுங்கிய ஒரு கீலத்தை நிரப்பாமல் விட்டுவிட வேண்டும். எழுதி வைத்த சட்டமில்லை, ஆனாலும் எல்லாரும் விடுவார்கள்.

றாஹிலாவும் அப்படி ஒரு துண்டு வாங்கிப் போட்டிருந்தாள். வரிசையில் கடைசிக் காணி, எல்லாருடைய தண்ணீரும் வெளியேறுகிற கீழ்முனைக் காணி, அவளுடையது. அதற்கப்பால் திறந்த கரச்சைதான்.

றிஸ்லாவுக்கு ஒலுவிலில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. பர்ஸான் என்ற பிள்ளை, துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நிக்காஹ் என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கரச்சைக்குள் சிவப்புப் பெயின்ட் அடித்த முளைகள் முளைத்தன.

அதிவேகப் பாதை வருகிறதாம். காசு கட்டிப் போகிற பாதை. கரச்சையை நீளவாக்கில் பிளந்து, மண்ணை மலையாகக் குவித்து, அதன் மேல் போகுமாம். சுற்றாடல் அறிக்கையைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம் என்று ஒரு அறிவித்தலும் வந்தது. ஊர் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் பிறந்த இன்னொரு செய்திதான் ஊர் முழுக்க ஓடியது. சேறாகக் கிடக்கிற காணிக்குச் சேற்றின் விலைதானாம். மண் போட்டு அத்திவாரமும் இருந்தால் அது வீட்டு வளவாம், அதற்கு நட்டஈடே வேறாம். யார் சொன்னது என்று கேட்டால், மற்றவர் சொன்னதாக எல்லாரும் சொன்னார்கள்.

முனாப் மேசன். ஊரில் பாதி வீட்டுக்கு அத்திவாரம் வைத்தவர், அதிகம் கதைக்க மாட்டார். றாஹிலா அவருக்கும் சேர்த்துக் கதைப்பாள்.

"இஞ்சருங்க, நம்மட துண்டுக்கு மண்ணப் போட்டுருவம்."

"மாரி முடியட்டும் புள்ள."

"மாரி முடிஞ்சா அளக்க வந்திருவானுகள். மண்ணும் போட்டு அத்திவாரமும் வெச்சிட்டா ஊட்டு வளவு எண்டு எழுதுவானுகள்."

"பாதைக்குப் போற காணியில நான் அத்திவாரம் வெக்கிறதா? மத்த மேசன்மார் சிரிப்பானுகள்."

"சிரிக்கட்டும். பாதை வந்தா கெடைக்கிற காசில மேட்டுப் பக்கம் ஒரு துண்டு எடுக்கலாம். வரல்லண்டா அத்திவாரம் மிச்சம், அதுக்கு மேல ஊட்டக் கட்டிரலாம். எந்தப் பக்கத்தால பாத்தாலும் நம்மட புள்ளைக்கி ஊடு."

முனாப் தாடியைச் சொறிந்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்துக் காணி முர்ஷிதுடையது. டிரக்டரும் அவனுடையதே. ஊருக்கெல்லாம் மண் ஏற்றிக் கொடுத்துவிட்டு, தன் காணிக்கும் கொட்டி முடித்திருந்தான். றாஹிலாவின் முதல் லோட்டைக் கவிழ்க்கும்போது பின்னெல்லையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"ராத்தா, பின்னால தண்ணிக்கி உட வேணாமா?"

"என்ட துண்டு பாய் விரிச்ச மாதிரிச் சின்னன் மனே. அதுக்குள்ள எங்க உடுறது? நீ உட்டிரிக்காய்தானே?"

முர்ஷித் கொட்டிய மண்ணைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தான். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டிரக்டரில் ஏறிக்கொண்டான். அவனும் விடவில்லை. றாஹிலா ராத்தா விடுவாள் என்று நினைத்துத்தான் தன்னுடையதைக் கரைவரைக்கும் நிரப்பியிருந்தான். அவனுக்கு அடுத்த காணிக்காரர் முர்ஷித் விடுவான் என்று நினைத்திருந்தார். வரிசை முழுவதும் இப்படியே நினைத்திருந்தது.

முனாப் பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் கல்லை வைத்தார். றிஸ்லா எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தாள். அவள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அத்திவாரத்துக்குள் இறங்கி, இது அறை, இது குசினி என்று பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதுபோல் தாய்க்குக் காட்டிக்கொண்டே நடந்தாள். றாஹிலா அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மாரி பிந்தித்தான் பிடித்தது. பிடித்த பிறகு விடவில்லை.

ஒரு காலை றாஹிலா அபாயாக் கையில் கரை மடித்துக்கொண்டிருந்தபோது முன்வீட்டிலிருந்து றுக்ஸானா கத்தினாள்.

"உம்மா! குசினிக்க தண்ணி!"

"கதவால வருதா?"

"கதவால இல்ல. தண்ணி போற கானுக்கால வருது. வெளிய போறத உட்டுப்போட்டு உள்ள வருது!"

றாஹிலா மெஷினைத் தூக்கி மேசையில் வைத்தாள். மேசையைக் கட்டிலில் ஏற்றச் சொல்லி அஸ்கியைக் கூப்பிட்டாள். அஸ்கி மீன் லொறி ஓட்டுகிறவன், கொழும்புக்குப் போக இருந்தவன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகப் பைகளையும் உயரத்தில் ஏற்றினான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், கடைசி வீதிக்காரர்கள் மத்ரஸாக் கட்டடத்துக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். இதற்கு முன்னும் மழை பெய்திருக்கிறது. முற்றத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. அடுப்புக்குள் ஏறியதில்லை.

கரச்சைப் பக்கம் பார்க்கப் போன முனாப் நனைந்த கோழியைப் போலத் திரும்பி வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்:

"கரச்சையில தண்ணி முழங்காலுக்குக் கீழ. நம்மட வீதியில இடுப்பளவு."

"அதெப்புடி? கரச்சைதானே பள்ளம்?"

"நடுவுல நாம மண்ணப் போட்டிரிக்கமே."

கடைசி வீதியின் வளவுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வடக்கே இருந்து தெற்கே வரைக்கும் ஒரு அணைக்கட்டாக நின்றிருந்தன. பாதைக்காரன் ஒரு கூடை மண்ணும் கொண்டுவரவில்லை. அதற்கு முதலே ஊர் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது.

அடைபட்ட தண்ணீர் வடக்கே திரும்பிப் பக்கத்து ஊரான பெரியநீலாவணைக்குள்ளும் போயிருந்தது. மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் அங்கிருந்து தங்கரத்தினம் வந்து சேர்ந்தாள். கரச்சையில் றால் பிடித்து வீடு வீடாக விற்பவள். றாஹிலாவுக்கு வெகுநாள் பழக்கம். அன்றைக்குக் கூடை இல்லாமல் வந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். குரல் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"ராத்தா! ஒங்கட மகளுக்குக் கலியாணமெண்டா எங்கட ஊட்டுக்க ஏன் தண்ணி வருது?"

"உள்ளுக்கு வா தங்கம். தேத்தண்ணி குடிச்சிட்டு ஏசு."

"என்னத்துக்க உள்ளுக்கு வாற? ஒங்கட உள்ளும் வெளியும் ஒண்டாத்தானே கிடக்கு!"

றாஹிலாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. கட்டிலின் மேல் வைத்திருந்த காஸ் அடுப்பில் தேத்தண்ணி போட்டாள். இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே குடித்தார்கள்.

"நான் மட்டுமா மண் போட்ட, தங்கம்?"

"வாற வழியில ஒவ்வொரு ஊட்டயும் ஏசிப்போட்டுத்தான் வாறன் ராத்தா. எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. 'நான் மட்டுமா, நான் மட்டுமா.' ஒருத்தர் மட்டும் போட்டிருந்தா தண்ணி சுத்திப் போயிருக்காதா? என்ட நெல்லுப் பெட்டி மிதக்குது. புள்ளையள் கோயில் மடத்தில கிடக்குதுகள்." கோப்பையைக் கொடுத்துவிட்டுத் தங்கரத்தினம் சொன்னாள்: "கடைசிக் காணி ஒங்கடதானே. அதத் துறக்காம மத்ததத் துறந்து ஒரு புரியோசனமும் இல்ல."

அவள் போன பிறகும் அந்தக் கடைசிச் சொல் போகவில்லை.

அன்று லுஹர்த் தொழுகைக்குப் பிறகு காணிக்காரர்கள் மத்ரஸாவில் கூடினார்கள். வெட்டித் திறக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாறுபாடு இல்லை. யாருடைய காணியை முதலில் வெட்டுவது என்பதில்தான் எல்லாரும் மாறுபட்டார்கள்.

"ஒரு கிழம பொறுங்க," என்றான் முர்ஷித். "பாதைக் கந்தோரு ஆபீசருமாரு காணி பாக்க வாறாங்களாம். ஊட்டு வளவெண்டு எழுதின பொறகு வெட்டுவம். இப்ப வெட்டினா சேறு எண்டுதான் எழுதுவாங்க. அள்ளிப் போட்ட மண்ணும் போச்சி, காணியும் போச்சி."

"ஒரு கிழமைக்கி என்ட ஊட்டுக்க தவக்கள குஞ்சி பொரிச்சிரும்," என்றார் ஒருவர்.

"அப்ப நீங்க வெட்டுங்களன் காக்கா!"

"நான் வெட்டி? கீழ றாஹிலாட துண்டு அடைச்செண்டு நிக்கிதே."

எல்லாரும் றாஹிலா இருந்த பக்கம் பார்த்தார்கள். அவள் எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

அவளுடைய காணி மற்றவர்களுடையதைப்போல் வெறும் மண்மேடாக இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள். தண்ணீர் திரும்ப வேண்டிய இடத்துக்குக் குறுக்கே முனாப் வைத்த அத்திவாரம் கிடந்தது. அதை உடைத்தால் றிஸ்லாவுக்கு வீடும் இல்லை, வீட்டுக்குரிய நட்டஈடும் இல்லை. வீடில்லாத பெண்ணுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழிய என்ன நிக்காஹ்? ஒலுவில்காரர்கள் நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று அவள் பரீட்சை வைத்துப் பார்க்க விரும்பவில்லை.

றிஸ்லா நனைந்த துணிகளைப் பிழிந்து கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ள, அத்திவாரத்த உடைக்கோணும் போல இரிக்கி."

றிஸ்லா பிழிந்த துணியையே திரும்பவும் பிழிந்தாள். "ம்" என்றாள்.

"ம் எண்டா? அது ஒன்ட ஊடு. நீ சொல்லு."

"றுக்ஸானா ராத்தாட புள்ளைகள் மத்ரஸாவுல கெடக்குதுகள். நான் அதுக்குள்ள அறையும் குசினியும் பாத்துட்டு இரிக்கவா? உடைங்க உம்மா. ஊடு இல்லாட்டி ஏலாதெண்டா அவர் இப்பயே சொல்லட்டும்."

தைரியமாகச் சொல்லிவிட்டு அழுதாள். றாஹிலா தேற்றவில்லை. தேற்றப் போனால் தானும் அழ வேண்டி வரும். "அழுறத அழுதெண்டே அந்தத் துணிய மேல எடுத்துப் போடு, கீழ நனையிது," என்று சொல்லிவிட்டு முனாபைத் தேடினாள்.

முனாப் ஏற்கனவே கல் நெம்பும் அலவாங்கை எடுத்துக் கதவோரம் சாத்தி வைத்திருந்தார்.

"மண் வெட்டுற பெக்கோவக் கூப்பிட வேணாம்," என்றார். "அவன் கண்டபாட்டுக்கு உடைப்பான், கல்லெல்லாம் தூளாப் போயிரும். வெச்சவன் நான். எந்தக் கல்லு எங்க புடிச்சிரிக்கெண்டு எனக்குத் தெரியும். கழட்டி எடுக்கிறன்."

மறுநாள் காலை தூறலுக்குள் முனாப் கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கரையில் அடுக்கினார். றாஹிலா மண்வெட்டியோடு பின்னெல்லையில் இறங்கினாள். அபாயாவின் கீழ்க்கரையை முடிந்து இடுப்பில் சொருகியிருந்தாள். முதலில் அஸ்கி வந்தான். கொஞ்ச நேரம் போக முர்ஷித் பெக்கோவோடு வந்து, யாரையும் பார்க்காமல், தன் காணியின் பின்பக்கத்தை வாரி எடுக்கத் தொடங்கினான். அவனைப் பார்த்து அடுத்தவர். தங்கரத்தினம் குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்று எல்லாருக்கும் கட்டளை போட்டாள்.

"ராத்தா, இன்னும் கீழ! இது என்ன, பூங்கண்டு நடுறதுக்கா கிண்டுறீங்க?"

"கதைக்கிற வாயோட நீயும் ஒரு மம்பட்டியப் புடியன்!"

"நான் மண் போடல்லயே ராத்தா, ஏசத்தான் வந்தன்." சொன்னாலும் குடையை மடித்து வைத்துவிட்டு இறங்கினாள்.

இந்த நேரத்தில்தான் பாதைக்காரரின் சுற்றாடல் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, தர்சினி என்று பெயர், திருக்கோயில் பக்கத்துப் பிள்ளை, றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சேற்றில் வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் வருவதாக இருந்தாள். வெள்ளம் என்று கேள்விப்பட்டு முந்தியே வந்துவிட்டாள். முர்ஷித் பெக்கோவை நிற்பாட்டினான். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கள்ளன் பிடிபட்டதுபோல் நின்றார்கள்.

"இது ஆர்ர காணி அம்மா?"

"என்ட," என்றாள் றாஹிலா. "மிஸ், போன மாசம் வந்திருந்தீங்கண்டா இது ஊட்டு வளவு. இண்டைக்கிச் சேறு. எப்புடி எழுதுவீங்களோ எழுதுங்க."

தர்சினிக்கு முதலில் விளங்கவில்லை. முர்ஷித் தேத்தண்ணிக் கடைச் செய்தியை விளக்கிச் சொன்னான். அவள் நெற்றியில் ஒட்டிய மயிரை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்:

"அண்ணன், அப்படி ஒரு ஒழுங்கே இல்லை. அறிவித்தல் போட்ட நாளில காணி எப்பிடிக் கிடந்ததோ அதுதான் கணக்கு. மேலால எடுத்த படம் இருக்கு. பிறகு நீங்க மாளிகை கட்டினாலும் அது கரச்சைதான்."

எல்லாரும் தாங்கள் கொட்டிய மண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முர்ஷித், "அப்ப நாம இவ்வளவு நாளும்..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நின்றான். தங்கரத்தினம்தான் முதலில் சிரித்தாள். றாஹிலாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தேடிப் பார்த்தாள். ஆள் கிடைக்கவில்லை. அவளும் சிரித்தாள். முனாப் மட்டும் நிமிராமல் கல்லைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குள் தண்ணீர் இழுத்தது. முதலில் சேறு கலங்கிய ஒரு கோடுபோல் ஓடி, பிறகு இரண்டு கரையையும் அரித்துக்கொண்டு சத்தத்தோடு கரச்சைக்குள் பாய்ந்தது. றுக்ஸானாவின் குசினியில் தரை தெரிந்தது. சேறும் ஒரு செத்த கெளுத்தியும் மிச்சம் கிடந்தன.

பாதையைப் பற்றிய கூட்டம் தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. தர்சினி வரச் சொல்லியிருந்ததால் றாஹிலாவும் போனாள். பெரிய வரைபடமொன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அஸ்கி முதலில் எழுந்து, பாதை வேண்டும் என்றான். மீன் பழுதாகாமல் விடியமுன்னம் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டாமா என்று கேட்டான். பலர் கை தட்டினார்கள். றாஹிலாவும் தட்டினாள். அவளுக்கும் பாதையோடு கோபமில்லை.

பிறகு அவள் எழுந்தாள். தைக்கும்போது கதைப்பதைப்போலவே கதைத்தாள்.

"நாங்க டிரக்டரால கொஞ்ச மண்தான் போட்ட. ஊரு முங்கிட்டு. நீங்க மலை மாதிரி போடப் போறீங்க. வெட்டித் துறக்க நாங்க ஒரு நாள் காலையில ஒண்டாச் சேந்த. ஒங்கட மண்ண ஆரு சேந்து வெட்டுற? பாதை வரட்டும். கரச்சைக்குள்ள மட்டும் தூணுல நிக்கட்டும். தண்ணி கீழால போகட்டும்."

முன்வரிசையில் இருந்த பொறியியலாளர் மறுக்கவில்லை. வரைபடத்தில் மதகுகள் இருக்கின்றன என்று காட்டினார். ஊரார் நிரப்பிய வளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் அவை போதுமா என்று திரும்பவும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். தூணில் போட்டால் செலவு கூடும், கட்டணமும் கூடலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"கூடினா மீன்ல ரெண்டு கூட வெச்சி விப்பம்," என்றான் அஸ்கி. மண்டபம் சிரித்தது. பெரியநீலாவணையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களும் அதையே சொன்னார்கள். தண்ணீர்க் கீலத்தை இனி யாரும் அடைப்பதில்லை, பள்ளிவாசலும் கோயிலும் சேர்ந்து வருசம் ஒருமுறை பார்ப்பது என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். அதை ஒரு சண்டையில்லாமல் பேசி முடித்ததே பெரிய காரியம்.

ஆனால் றாஹிலாவின் காரியம் முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பர்ஸான் தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். வட்டிலப்பம் வைத்துக் கொடுத்த பிறகு, றாஹிலா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மண் போட்டது, உடைத்தது, காணி இனிக் கரச்சையாகவே கிடக்கப் போவது எல்லாவற்றையும்.

பர்ஸானின் உம்மா வட்டிலப்பத்தை முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"நீங்க செஞ்சதக் குறை சொல்ல மாட்டன். எங்கட தென்னந் துண்டக் கடல் எடுக்கக்குள்ள நாங்க பாத்துக்கிட்டுத்தான் நிண்ட. தண்ணிக்கு வழி உடாம ஏலாது. ஆனா என்ட மகன் எங்க இரிக்கிற? எங்கட ஊட்ட மகளுக்கு எழுதியாச்சி. நானே இப்ப அவள்ற ஊட்டுலதான் இரிக்கன். இவன் நேத்தும் மருமகன்ட சேட்டு காயிற கொடியில தன்ட சேட்டப் போட்டதுக்கு ஒரு கத."

"உம்மா!" என்றான் பர்ஸான்.

"என்ன உம்மா? உள்ளதத்தானே சொல்ற."

றாஹிலாவுக்கு அவளைப் பிடித்துப் போனது. பிடித்துப் போனதால் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. பர்ஸான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாடகைக்கு ஒரு ஊடு எடுத்து..." என்று தொடங்கினான். இரண்டு தாய்மாரும் ஒரே நேரத்தில் "சும்மா இரி மனே" என்றார்கள்.

அப்போது குசினிக் கதவடியில் நின்ற றுக்ஸானா சொன்னாள்:

"மேல கட்டட்டுமே."

எல்லாரும் திரும்பினார்கள். அவளுடைய வீட்டின் முன்பாதிக்கு ஓட்டுக்குப் பதிலாகக் கொங்கிரீட் தட்டுப் போட்டிருந்தது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு மேலே இரண்டு அறை கட்ட அஸ்கி யோசித்து வைத்திருந்தான். அவன் இப்போது பெண்சாதியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"தட்டுக்கு மேல றிஸ்லாட பேருல எழுதித் தாறன். ஆனா படி வெளியால வரோணும். என்ட ஹோலுக்கால ஆரும் ஏறி இறங்க ஏலா. தண்ணி மீட்டர் வேற. கரண்ட் மீட்டர் வேற. என்ட முத்தத்துக்கு மேல உடுப்புத் தொங்கப் போடுறல்ல."

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள் பர்ஸானின் உம்மா.

"இன்னும் இரிக்கி. பொறகு சொல்றன்."

றாஹிலா எழுந்து மகளின் கையைப் பிடிக்கப் போனாள். றுக்ஸானா நழுவிக் குசினிக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன. அஸ்கி கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பர்ஸானிடம், "லொறி எஞ்சின் பாப்பீங்களா?" என்று கேட்டான். பார்ப்பேன் என்றான் பர்ஸான். "அப்ப சரி" என்றான் அஸ்கி.

நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நடக்கவில்லை, முஹர்ரம் கழியத் தள்ளிப்போனது. முனாப் வெளிவேலைக்குப் போன நாட்களின் பின்னேரங்களில் மேலே கட்டினார். பர்ஸான் வெள்ளிக்கிழமைகளில் ஒலுவிலிலிருந்து வந்து மண்ணும் சீமெந்தும் சுமந்தான். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முதல் பெண் வீட்டில் மண் சுமக்கிறானே என்று வீதியில் கொஞ்சம் கதை கட்டினார்கள். றாஹிலா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: "அவன் இரிக்கிற ஊட்ட அவன் சுமக்கிறான்."

பாதையின் புது வரைபடம் பார்வைக்கு வந்தது. கரச்சையின் நடுப்பகுதியில் மண் அணைக்குப் பதிலாகத் தூண்கள் வரிசையாக நின்றன. ஓரங்களில் இன்னும் மண்தான். அதற்கும் ஆட்சேபனை எழுதியிருக்கிறார்கள். தர்சினி இடைக்கிடை வருகிறாள். றாஹிலாவிடம் அபாயாத் துணியில் தனக்கு ஒரு நீளச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள். பாதை எப்போது வரும், எப்படி முடியும் என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

மேல் வீட்டுக்குக் கதவு நிலை வைத்த அன்று றிஸ்லா குளம்போல் தண்ணீர் ஊற்றிப் புதுத் தரையைக் கழுவினாள். தண்ணீர் தட்டின் விளிம்பால் வழிந்து, றுக்ஸானா முற்றத்தில் காயப் போட்டிருந்த மிளகாயில் சொட்டியது.

"அடியே! மிளகா நனையிது! நிப்பாட்டு!"

மேலேயிருந்து றிஸ்லாவின் குரல் வந்தது. கொஞ்சமும் இறங்கிப்போகாத குரல்.

"என்ட ஊட்ட நான் கழுவுற ராத்தா! மிளகாய இஞ்சால தள்ளிப் போடுங்களன்!"

கீழே தைத்துக்கொண்டிருந்த றாஹிலா மெஷினை நிறுத்தி, அடுத்த ஏச்சுக்குக் காது கொடுத்தாள். அது வந்தது. பதிலும் வந்தது. இரண்டு வீட்டுக்காரிகள் சண்டை பிடிக்கிறார்கள் என்று உறுதியான பிறகு, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு கல்யாண அபாயாவின் கையைத் தைக்கத் தொடங்கினாள்.